ஸ்விஃப்ட்டில் ஷாக் அப்சார்பரும் சைலன்சரும்: எதில் காசு போடலாம், எதில் வேண்டாம்

என்னுடையது 2018 மாடல் ஸ்விஃப்ட். பெட்ரோல், 1.2 லிட்டர் கே12 எஞ்சின், மேனுவல் கியர். தினமும் கோவைக்குள் ஆபீசுக்குப் போய் வரணும், அவ்வப்போது பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை, பண்டிகை வந்தால் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக மதுரை. வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான். அதனால் எதை மாற்றினாலும் பின் சீட்டில் அப்பா இடுப்பு வலிக்காமல் உட்கார முடியணும் என்பது முதல் நிபந்தனை. ட்ராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இது உதவாது. ஒரே காரை வைத்து எல்லா வேலையும் பார்த்துக்கொண்டு, சஸ்பென்ஷன் போடலாமா, சைலன்சர் மாற்றலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் மாற்றியது நான்கு ஷாக் அப்சார்பர், முன்பக்க ஸ்ட்ரட் மவுண்ட் (முன் ஷாக்கின் மேல் முனையை பாடியோடு சேர்க்கும் ரப்பர் தாங்கி), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர்), லிங்க் ராட் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் தண்டு), அப்புறம் டயர். ஸ்பிரிங் கம்பெனியில் வந்ததேதான். சைலன்சரைத் தொடவே இல்லை. மாற்றிய பிறகு ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது, இன்றைக்குக் கேட்டாலும் இதே பட்டியலைத்தான் சொல்வேன்.

கம்பெனி ஷாக் அப்சார்பர் ஒரேநாளில் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால் தினமும் ஓட்டுகிறவனுக்குத் தெரிவதே இல்லை, அதுதான் பிரச்சினை. எனக்குத் தெரிந்தது அறுபதாயிரத்தைத் தாண்டியபோது, ஐந்து பேரோடு ஒரு மேம்பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது. பின்பக்கம் ஒரு முறை அமுங்கி எழுந்து நிற்கவேண்டியது, மூன்று முறை ஆடிவிட்டுத்தான் அடங்கியது. வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு கார் சாய்ந்து முடிக்க ஒரு கணம் எடுத்துக்கொண்டது. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். உள்ளே ஆயில், அதில் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகளும் வால்வும். ஆயில் கசிந்தாலோ வால்வு தேய்ந்தாலோ ஸ்பிரிங் தன்னிஷ்டத்துக்கு ஆடும்.

கழற்றிய பழைய ஷாக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே சீல் இருக்கும் இடத்தைச் சுற்றி ஆயிலும் புழுதியும் சேர்ந்து கறுப்புப் பசையாக ஒட்டியிருந்தது. தண்டை அழுத்தினால் முதல் ஓரங்குலம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வாஷர் போன சைக்கிள் பம்ப் மாதிரி உள்ளே போனது, அப்புறம்தான் லேசாகப் பிடித்தது. புதியதை அழுத்தினால் தொடக்கத்திலிருந்தே ஒரே சீராக எதிர்க்கிறது, கையை விட்டதும் தானாக மெதுவாக மேலே வருகிறது. உள்ளே நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் இருப்பதால்தான் அது. அந்த வாயுவின் வேலை, விடாமல் குலுங்கும் ரோட்டில் ஆயில் நுரைத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது. ஆயில் நுரைத்துவிட்டால் பிஸ்டனுக்கு எதிர்ப்பே இருக்காது.

நான் எடுத்தது கம்பெனி ஷாக்கைவிடக் கொஞ்சம் இறுக்கமான, வாயு நிரப்பிய ரகம். கம்பெனி ஸ்பிரிங்கோடு பொருந்தும் என்று தயாரிப்பாளரே சொல்லும் ரகம், இதை நன்றாகக் கவனியுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் சின்னச் சின்னப் பள்ளமெல்லாம் முன்னைவிடக் கூடுதலாகத் தெரிந்தது, அப்புறம் கொஞ்சம் பழகிக்கொண்டது. ஆனால் பெரிய மேடு பள்ளத்தில்தான் வித்தியாசமே. ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டினால் ஒரே எழும்பல், அவ்வளவுதான், கார் நின்றுவிடுகிறது. பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டல் குறைந்தது. அப்பா, "இப்பத்தான் கார் கார் மாதிரி இருக்கு" என்றார். இறுக்கமாக மாற்றினால் சொகுசு போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். தளர்ந்துபோன ஷாக்கோடு ஒப்பிட்டால் சொகுசு கூடத்தான் செய்யும்.

ஒரு குறை. ஷாக்கோடு சேர்த்து விற்ற ஸ்ட்ரட் மவுண்ட் சில மாதத்திலேயே ஸ்டீயரிங் திருப்பும்போது கடகட என்று சத்தம் போட ஆரம்பித்தது. விற்ற கடையில் கேட்டால் பிட்டிங்கைக் குறை சொன்னார்கள், பிட்டிங் பண்ணியவர் பொருளைக் குறை சொன்னார். கடைசியில் கார் கம்பெனியின் ஒரிஜினல் மவுண்டை வாங்கிப் போட்டேன், அன்றைக்கு நின்ற சத்தம் இன்றுவரை வரவில்லை. ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் ஒரிஜினலாகவே வாங்குங்கள், மிச்சமாகும் காசு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பிட்டிங்கில் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. லோயர் ஆர்ம் போல்ட்டை, காரை லிஃப்டில் தொங்கவிட்டபடியே முழுதாக முறுக்கிவிடக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையிறுக்கமாகப் போட்டு, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். அதேபோல ஷாக் தண்டின் மேல் நட்டை ஏர் கன் வைத்து அடித்தால் தண்டும் சேர்ந்து சுற்றும், உள்ளே சீல் கெடும். ரிங் ஸ்பேனரும், தண்டைப் பிடிக்க ஆலன் கீயும் போதும், ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

இனி, காரை இறக்குகிற லோயரிங் ஸ்பிரிங். பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 133. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கவேண்டும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏற்றினால் அந்த 133 இன்னும் இறங்கும், விதிப்படி போட்ட ஸ்பீட் பிரேக்கரிலேயே கவனமாகப் போகவேண்டும். நம் ஊரில் தெருவுக்குத் தெரு இரவோடிரவாகப் போட்டு வைக்கும் குறுகலான சிமெண்ட் மேட்டில் அடி தட்டாமல் போக வாய்ப்பே இல்லை.

இதைவிட முக்கியமான விஷயம் வெளியே தெரியாது. இந்தக் காரின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. கார் வளைவில் சாயும்போது ரோல் சென்டர் என்ற ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது. இந்த அமைப்புள்ள காரை இறக்கினால் லோயர் ஆர்மின் சக்கரப்பக்க முனை மேல் நோக்கிப் போய்விடும், அப்போது காரின் எடை மையம் இறங்குவதைவிட அதிகமாக இந்த ரோல் சென்டர் இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடுவதால், காரைச் சாய்க்கும் விசையின் பிடி கூடுகிறது. இறக்கிய கார் சாயாமல் இருக்கிறது என்றால் அது ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதால்தான், இறக்கியதால் இல்லை. அந்த இறுக்கத்தைத் தாங்க ஷாக்கையும் மாற்றவேண்டும், ஷாக் மாற்றாமல் ஸ்பிரிங் மட்டும் போட்டவர்களின் கார் நெடுஞ்சாலையில் துள்ளிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியிருக்க, நல்ல ஷாக்கை மட்டும் போட்டுவிட்டு ஸ்பிரிங்கை விட்டுவிடுவதே இந்தக் காருக்குச் சரி.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவதைப் பற்றி நீளமாகப் பேசவேண்டியதில்லை. கேஸ் கட்டர் சூட்டில் ஸ்டீலின் வலு போகும், வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது. யாராவது பண்ணித் தருகிறேன் என்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், அடி தட்டுகிறது என்று ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவது. எல்லா ஆக்சசரீஸ் கடையிலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. அந்தப் பஃபர் ஒரு சுருளை வேலை செய்யவிடாமல் அடைக்கிறது. மீதிச் சுருள்கள் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருப்பதால் ஸ்பிரிங் இறுகுகிறது, ஏற்கெனவே தளர்ந்த ஷாக்குக்கு இன்னும் வேலை கூடுகிறது. பின்பக்கம் தாழ்ந்துபோனால் பஃபர் வாங்கும் காசைச் சேர்த்து வைத்துப் புது ஸ்பிரிங் போடுங்கள்.

டயர் பற்றி ஒரு வரி: என் வேரியன்ட்டில் 185/65 ஆர் 15, அதே அளவில் நல்ல டயர் போட்டேன், மழையில் பிரேக் பிடிக்கும்போது கிடைத்த நிம்மதி வேறு எந்த மாற்றத்திலும் கிடைக்கவில்லை.

இப்போது சைலன்சர். என் அத்தை மகனும் இதே 2018 ஸ்விஃப்ட்தான் வைத்திருக்கிறான். அதில் கேட்-பேக் போட்டிருக்கிறான், அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயும், சத்தத்தை அடக்கும் பெட்டியான மஃப்லரும் மட்டும் மாற்றியது. அடிக்கடி வண்டியை மாற்றிக்கொள்வோம், அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடிகிறது. ஊருக்குள் ஸ்டார்ட் பண்ணும்போது சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, முதல் வாரம் எனக்கும் ஆசையாக இருந்தது. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் போகும்போதுதான் தொல்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. 3000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ் அடிச்சத்தம். பின்கதவு வைத்த இந்த மாதிரிச் சின்ன காரில் டிக்கியும் உட்புறமும் ஒரே அறை, அந்தச் சத்தம் உள்ளே சுற்றிச் சுற்றி ஒலிக்கும். காது அடைத்தது போல இருக்கும், பாட்டை எவ்வளவு கூட்டினாலும் மறையாது. மதுரை போய் இறங்குவதற்குள் என் அம்மாவுக்குத் தலைவலி. கம்பெனி வைத்திருந்த ரெசொனேட்டர் இந்தச் சத்தத்தைக் கொல்லத்தான் இருந்தது. சைலன்சர் குழாயில் முனை மூடிய ஒரு கிளைக்குழாய் சேர்த்து இந்த அலைவரிசையை அடக்கலாம், ஆனால் சூடான வாயுவில் 100 ஹெர்ட்ஸுக்கு அது ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக வேண்டும், இந்த காரின் அடியில் அதற்கு இடம் எங்கே?

பவர் கூடுமே என்பார்கள். இந்த எஞ்சின் கம்பெனிக் கணக்கில் 83 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர் டார்க். டர்போ கிடையாது, குழாயில் அடைபட்டுக் கிடக்கும் பவர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தை மகன் காரில் பிக்கப் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. குழாயை ரொம்பப் பெரிதாக்கினால் புகை போகும் வேகம் குறைந்து, தாழ்ந்த ஆர்பிஎம்மில் இழுவைகூடக் குறையலாம். ட்ராஃபிக்கில் நமக்கு வேண்டியதே அந்த இழுவைதான்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே கழற்றிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களிடம் பேச்சே வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும் கார்களில் செக் எஞ்சின் விளக்கு எரியும், புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு எகிறும், பின்னால் வருகிற பைக்காரர் அதைச் சுவாசிக்கவேண்டியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ, கூடவே லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த தொகை இது. 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. தேய்ந்த ஷாக்கை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு, அதற்கு யாரிடமும் பதில் சொல்லவேண்டியதில்லை.

சைலன்சரில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, சர்வீசுக்கு விடும்போது குழாயைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கரை எட்டிப் பாருங்கள். என் காரில் ஒன்று வெடித்து, குழாய் பின் ஆக்சிலில் தட்டிக்கொண்டிருந்தது, சஸ்பென்ஷன் சத்தம் என்று நினைத்து இரண்டு கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் கையால் சைலன்சரை ஆட்டிப் பார்த்தே சொல்லிவிட்டார்.