காகித ஃபில்டரா, எண்ணெய்ப் பருத்தி ஃபில்டரா?

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றோடு வரும் நுண்மணல், பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டரின் உட்சுவரையும் தேய்த்துவிடும் அளவுக்குக் கடினமானது. ஆகவே ஏர் ஃபில்டர் வாங்கும்போது அது எவ்வளவு தூசியை நிறுத்துகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்; எவ்வளவு காற்றை விடுகிறது என்பது அதற்குப் பிறகுதான். உதிரிபாகக் கடைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கிறது.

வண்டியோடு வரும் மடிப்புக் காகித ஃபில்டர், ஏர் ஃபில்டர்களுக்கான சர்வதேசச் சோதனைத் தரமான ஐஎஸ்ஓ 5011 முறைப்படியான சோதனைகளில், தரமானதாக இருந்தால், எடைக்கணக்கில் 99 சதவீதத்துக்கும் மேலான தூசியைப் பிடித்துவிடுகிறது. மேற்பரப்பில் படியும் தூசியே மேலும் ஒரு வடிகட்டும் அடுக்காகிவிடுவதால், சற்று அழுக்கான காகிதம் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். காற்றோட்டம்தான் மெல்லக் குறையும். இதை அறியாமல் ஒவ்வொரு சர்வீஸிலும் கம்ப்ரெசர் குழாயை மடிப்புகளுக்கு அருகில் பிடித்துக் காற்றடிப்பது, காகித இழைகளைக் கிழிப்பதற்கே வழிசெய்கிறது. ஹோண்டா ஆக்டிவா உள்ளிட்ட பல இருசக்கர வாகனங்களில் இருப்பது எண்ணெய் ஊட்டப்பட்ட காகிதம். அதற்குக் காற்றடிக்கவே கூடாது, உரிய தூரம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும்.

இன்ஜின் திறனைக் கூட்டுவதற்கென விற்கப்படும் பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர்களில் பெயர்பெற்றது, 1969இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட கே அண்ட் என் நிறுவனத்துடையது. கம்பி வலைகளுக்கு இடையே பல அடுக்குப் பருத்தித் துணியை வைத்து, அதில் எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். துணியின் துளைகள் பெரியவை. தூசியைப் பிடித்து வைப்பதில் எண்ணெய்க்கே பெரும்பங்கு. காற்று எளிதாகச் செல்வது உண்மைதான். ஆனால் பெட்ரோல் இன்ஜினில், ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகாத வேளையெல்லாம், காற்றை மிகுதியாகத் தடுப்பது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும், பாதி மூடிய த்ராட்டில் வால்வுதான் என்பதால், ஃபில்டரில் தடை சிறிது குறைவது நகரப் போக்குவரத்தில் எந்தப் பயனையும் காட்டாது. மைலேஜ் கூடும் என்ற விளம்பரமும் இங்கேயே அடிபட்டுப் போகிறது: அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள கார்களில் அடைத்துப்போன ஃபில்டர்கூட எரிபொருள் செலவைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை, முழு வேகமெடுப்பு மட்டுமே பாதிக்கப்பட்டது.

திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது பருத்தி ஃபில்டரின் வலுவான வாதம். விலையோ காகிதத்தைப் போலப் பல மடங்கு. கழுவுவதும் பொறுமை கேட்கும் வேலை. அதற்குரிய திரவத்தைத் தெளித்து ஊறவிட்டு, சுத்தமான உட்பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெல்லிய நீரோட்டத்தால் அலசி, காற்றடிக்காமலும் சூடுகாட்டாமலும் நிழலில் உலரவிட்டு, பிறகு மடிப்பு மடிப்பாகச் சிவப்பு எண்ணெய் இட வேண்டும். எண்ணெய் எட்டாத இடம் வெளிறித் தெரியும். அவ்விடத்தில் தூசி தடையின்றி நுழையும். எண்ணெய் மிஞ்சினாலோ, உள்ளே வரும் காற்றின் அளவை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள கார்களில் அதன் சூட்டுக் கம்பியில் படிந்து காற்றளவைத் தவறாகக் காட்டக்கூடும். அழுத்தத்தை அளக்கும் சென்சரையே நம்பியிருக்கும் பெரும்பாலான பைக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஃபில்டரை மூடியிருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸையே கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இன்ஜின் வெப்பத்தில் சூடேறிய, அடர்த்தி குறைந்த காற்றை அது உறிஞ்சுகிறது. தேங்கிய மழைநீரில் வண்டி இறங்கினால் நீரை உறிஞ்சிவிடும் ஆபத்தும் அதிகம். பிக்கப் கூடியதாகத் தோன்றுவதில் பாதி, ஏர் பாக்ஸ் இதுவரை அடக்கிவைத்திருந்த உறிஞ்சல் சத்தம்தான்.

இன்ஜினை மாற்றியமைத்துப் பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் ஓட்டுபவருக்குப் பருத்தி ஃபில்டர் பொருந்தும். செம்மண் சாலையிலும் கல்குவாரிப் பக்கமும் அன்றாடம் போய்வருபவருக்குக் காகிதமே சரி. மாற்றும் இடைவெளியை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். எதை மாட்டினாலும், சில வாரம் கழித்து ஏர் பாக்ஸைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. மாவு போன்ற தூசி ஒட்டினால், ஓரத்து ரப்பர் சரியாகப் பதியவில்லையா, ஃபில்டரே தூசியை விடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கக்கூடாது.