வேட்பாளர் பிரமாணப் பத்திரத் தளம்: புதுவை ரங்கசாமியை வைத்து ஒரு சோதனை

கட்டணம் கிடையாது. வேட்பாளர் தன் சொத்து, வழக்கு, படிப்பு விவரங்களை எழுதிக் கொடுத்த படிவம் 26-ஐ (பிரமாணப் பத்திரம்) முத்திரைத்தாளும் நோட்டரி கையெழுத்துமாக அப்படியே ஸ்கேன் செய்து தேர்தல் ஆணையம் போட்டிருக்கிறது. அந்த வகையில் நல்ல சேவைதான். ஆனால் ஒருவரின் முழு அரசியல் வாழ்க்கையும் இதில் கிடைக்கும் என்று உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

என். ரங்கசாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் படித்தவர். 1990-ல் தட்டாஞ்சாவடி தொகுதியில் தோற்று, 1991-ல் அங்கேயே ஜெயித்து, 2001-ல் முதல்வரானவர். இதில் எதற்கும் ஒரு தாள்கூட இங்கே கிடைக்காது. சொத்து, வழக்கு விவரம் கட்டாயமானதே 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. பழைய வாக்குக் கணக்குக்கு ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைதான் கதி. அதிலும் 2006 மே தேர்தலை ‘பாண்டிச்சேரி’ என்று தேடுங்கள், ‘புதுச்சேரி’ என்று பெயர் மாறியது அந்த ஆண்டு அக்டோபரில்.

வேட்பாளர் பெயரைத் தட்டித் தேடாதீர்கள். ரங்கசாமியா, ரங்கஸ்வாமியா என்று ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கோட்டை விட்டுவிடும். தொகுதி வழியாகப் போங்கள். 2011-ல் கதிர்காமம், இந்திரா நகர் இரண்டிலும் ஜெயித்தார். 2021-ல் தட்டாஞ்சாவடியில் ஜெயித்து ஏனாமில் தோற்றார். ஆக, அந்த இரண்டு தேர்தலுக்கும் இரண்டிரண்டு தொகுதி பார்க்க வேண்டும். ஒருவரே ஒரு தொகுதிக்கு நான்கு வேட்புமனு வரை போடலாம் என்பதால் ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தால் குழம்ப வேண்டாம்.

படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அசையாச் சொத்துக்கு வாங்கிய விலையும் இன்றைய மதிப்பும் தனித்தனியே இருக்கும். இன்றைய மதிப்பை மட்டும் ஒப்பிட்டு ‘சொத்து இரண்டு மடங்கு’ என்று கூவுவது வீண் வேலை. மனை விலை ஏறினால் ஒரு சென்ட்கூட வாங்காமலே தொகை ஏறும். புதிதாக நிலம் வாங்கினாரா என்றறிய, புது சர்வே எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2019-ல் படிவம் திருத்தப்பட்டதற்குப் பிந்தைய பத்திரங்களில் ஐந்தாண்டு வருமானம் வரிசையாக இருக்கும், அதுதான் உருப்படியான பகுதி.

கல்விப் பகுதியில் பட்டம், கல்லூரி, ஆண்டு மட்டுமே. பி.எல். முடித்தவர் வக்கீலாகப் பதிந்தாரா என்பது பார் கவுன்சில் ஆவணத்தில் பார்க்க வேண்டியது; கோர்ட்டில் எத்தனை வழக்கு நடத்தினார் என்பதும் இங்கே வராது.

பெரிய குறை, எல்லாம் படம். உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. மைநேதா தளம் இதையே அட்டவணையாக்கித் தருகிறது, ஒப்பிடச் சுலபம். ஆனால் அது வேறொருவர் பார்த்துத் தட்டச்சு செய்தது. எண்ணை எங்காவது எழுதப் போகிறீர்கள் என்றால் ஸ்கேனைத் திறந்து பூஜ்யங்களை எண்ணிவிடுங்கள்.