பேசும் பேனாவோடு வரும் படக்கதைத் தொகுப்பு: வாங்கலாமா?

"குழந்தை தானே கதை கேட்டுக்கொள்ளும், பெற்றோர் அருகில் இருக்க வேண்டியதில்லை" என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கப்படும் படக்கதைத் தொகுப்பு ஒன்றை, மூன்று வயது மகளோடு சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். பன்னிரண்டு கெட்டி அட்டைப் புத்தகங்களும், பக்கத்தைத் தொட்டால் பேசும் பேனா ஒன்றும் இதில் உள்ளன. புத்தகங்களுக்காக இதைத் தாராளமாக வாங்கலாம். பெட்டியின் மேலுள்ள அந்த வாக்குறுதியை நம்பி வாங்க வேண்டாம்.

புத்தகங்களில் இரண்டு வெறும் அரிச்சுவடிகள். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவை நல்ல கதைகள். ஒரு பக்கத்தில், எல்லோரும் யானையைத் தேடி அலைகிறார்கள் என்று மட்டுமே எழுதியிருக்கிறது. படத்திலோ கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வால் நீண்டு கிடக்கிறது. எழுத்து சொல்லாமல் விட்டதைப் படம் காட்டிக்கொடுப்பதால், அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை குழந்தைக்குக் கிடைத்துவிடுகிறது. 'பதுங்கியது', 'தயங்கியது', 'எட்டிப் பார்த்தது' என்று வீட்டுப் பேச்சில் அதிகம் புழங்காத சொற்கள் கதைக்குள் இயல்பாக வருகின்றன. சாப்பிடு, தூங்கு, செருப்பைப் போடு என்றே ஓடும் அன்றாடப் பேச்சிலிருந்து இப்படிப்பட்ட சொற்கள் குழந்தைக்குக் கிடைப்பது அரிது.

தாள் முழுவதும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. முனையிலுள்ள சிறு கேமரா அகச்சிவப்பு ஒளியில் அவற்றைப் படித்து, அந்த இடத்துக்குரிய ஒலியைப் பேனா எழுப்புகிறது. பேனாவைச் சாய்த்துப் பிடித்தால் சில நேரம் பேசாமல் இருந்துவிடுகிறது, சிறு கைகளோ சாய்த்துத்தான் பிடிக்கும். ஒலியைக் குறைத்து வைத்தாலும் படுக்கையறைக்குச் சற்று உரக்கவே கேட்கிறது.

இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். என் முதன்மையான புகார் வேறு. யானைப் பக்கத்தில் மகள் பேனாவை நிறுத்திவிட்டு, "வால் வெளிய தெரியுதுன்னு அதுக்குத் தெரியாதாப்பா?" என்று கேட்டாள். பேனாவோ அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தது. வாசிப்பின் பெரும்பயன் பிறப்பதே இப்படிப்பட்ட கேள்விகளில்தான். 1988-இல் உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரில் ஒரு பிரிவினர் வழக்கம்போல் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் இடையிடையே, ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாத திறந்த கேள்விகளைக் கேட்டு, குழந்தை சொன்ன பதிலைச் சற்று விரித்துத் திருப்பிச் சொன்னார்கள். ஒரே மாதத்தில், இரண்டாம் பிரிவுக் குழந்தைகள் பேச்சு வெளிப்பாட்டில் மற்றவர்களைவிடப் பல மாத வளர்ச்சி முன்னே நின்றார்கள். 2019-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வும், மின்னணுப் புத்தகங்களைவிட அச்சுப் புத்தகங்களோடு உட்காரும்போது பெற்றோரும் குழந்தையும் கதையைப் பற்றி அதிகம் பேசிக்கொள்வதைக் காட்டியது. இந்தப் பேனா அந்த ஆய்வில் இடம்பெற்றதல்ல என்றாலும், எங்கள் வீட்டில் கண்டதும் அதுவே: பேனா பேசும்போது நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொள்கிறோம்.

ஆனாலும் பேனாவை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. அதற்கு அலுப்பு கிடையாது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும் மூன்று வயதுக் குழந்தைகள், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்பவர்களைவிட நன்றாகக் கற்கிறார்கள் என்று ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினரின் 2011-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. தொண்டை வறண்டுபோன பெற்றோருக்கு அது ஆறுதலான செய்தியா, அச்சுறுத்தலா என்பது அன்றைய மாலையைப் பொறுத்தது!

பெட்டியில் கடைசி வரியாக, சிறிய எழுத்தில் போட்டிருக்கும் வசதிதான் உண்மையில் சிறந்தது. நம் குரலைப் பதிந்துகொள்ளும் வெற்று ஒட்டிகள் சில உடன் வருகின்றன. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவிடம் யானைக் கதையைச் சொல்லிப் பதியச் சொன்னோம். "அது யாரோட வாலு, சொல்லு கண்ணு" என்று கேட்டுவிட்டு, பேத்தி பதில் சொல்வதற்காகச் சற்று நேரம் சும்மா இருந்திருக்கிறார். மகள் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியில் சத்தமாகப் பதில் சொல்கிறாள். தயாரித்த நிறுவனத்தின் ஒலிப்பதிவில் இப்படி ஓர் இடைவெளிகூட இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல் குழந்தை பிறந்த காலத்திலிருந்தே உரக்க வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்கு அறிவுறுத்தியது. அதற்கு மடியும் புத்தகமும் போதும். முதல் சில முறை நீங்களே வாசித்து, கதை பழகிய பிறகு பேனாவைக் கையில் கொடுங்கள். உடன் உட்கார நேரமே கிடைக்காது என்பதற்காக இதை வாங்க நினைத்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். இதே புத்தகங்கள் பேனா இல்லாமலும் விற்கப்படுகின்றன. தொலைவிலிருக்கும் தாத்தா, பாட்டியின் குரலைப் பதிந்து வைக்கும் எண்ணம் இல்லையென்றால் அதையே வாங்குங்கள்.