சிறுநீர்ப்பைக்கு உயர் அழுத்த ஆக்சிஜன்: சென்னை மையம் ஒன்றின் சேவை குறித்த மதிப்புரை

இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற சிலருக்கு, சிகிச்சை முடிந்த சில மாதங்களிலோ பத்தாண்டுகள் கடந்தோ, சிறுநீரில் இரத்தம் கசிவதும் அடிக்கடி கழிப்பறைக்கு ஓட நேர்வதும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகப் பல ஆண்டுகளுக்கு முன் ‘கரண்ட்’ வைத்துக்கொண்ட என் தாயாருக்கு இவ்விரண்டும் வந்தன. சிறுநீரியல் மருத்துவர் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்து, பழைய நோய் திரும்பவில்லை, புதுக் கட்டியும் இல்லை, கதிர்வீச்சால் சிறுநீர்ப்பையின் உட்சுவர் நைந்திருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்குப் பரிந்துரைத்தார். அதற்காக நாங்கள் சென்ற தனியார் மையத்தைப் பற்றி, குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால், பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

கதிர்வீச்சு பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நாளடைவில் அடைபட்டுப்போவதால் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல், சுவர் தடித்து இறுகி, தொட்டால் இரத்தம் கசியும் நிலைக்கு வந்துவிடுகிறது. மூடிய அறைக்குள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது, அது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரைந்து அத்திசுக்களை எட்டுகிறது. நாள்தோறும் இதைத் தொடர்ந்தால் புதிய குழாய்கள் முளைக்கத் தூண்டுதல் கிடைக்கிறது. குழாய் முளைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தொடக்க நாட்களில் எந்த மாற்றமும் தெரியாதது இயல்பே. மையத்தின் மருத்துவர் இதை முதல் சந்திப்பிலேயே அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் பாதியிலேயே நிறுத்தியிருப்போம்.

பணம் கட்டுமுன் சான்று என்ன என்று நானும் தேடிப் பார்த்தேன். நார்டிக் நாடுகளின் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 87 நோயாளிகளைச் சேர்த்து நடத்தப்பட்ட ரிச்-ஆர்ட் ஆய்வு 2019-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளிவந்தது. 30 முதல் 40 அமர்வுகள் பெற்றவர்களின் சிறுநீர்த் தொல்லைகள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக அது காட்டியது. ஆனால் அதில், ஒப்பிடுவதற்காக உண்மைச் சிகிச்சைபோலவே தோன்றும் போலிச் சிகிச்சை பெற்ற குழு கிடையாது. யார் என்ன பெறுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. கதிர்வீச்சால் பாதிக்கப்பட்ட குடலுக்கு இதே சிகிச்சையைப் போலி அமர்வுகளோடு ஒப்பிட்டு 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நம்பிச் செய்யலாம், ஆனால் அற்புதத்தை எதிர்பார்க்கலாகாது என்பதே என் முடிவாக இருந்தது.

சேவையின் உண்மையான சோதனை வேறோர் இடத்தில் இருக்கிறது. அழுத்தம் ஏற்றுவது, சிகிச்சை, இறக்குவது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. சிறுநீரை அடக்க முடியாது என்று வந்தவரை அவ்வளவு நேரம் கண்ணாடிக் குழாய் போன்ற ஒருவர்க்கான சேம்பரில் (அழுத்த அறையில்) படுக்கவைத்துக் கதவைப் பூட்டுகிறார்கள். இடையில் வெளியே வர வேண்டுமென்றால் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், அவசரத்துக்கு உதவாது. பலர் ஒன்றாக அமரும் பெரிய சேம்பரில் காற்றை நிரப்பி ஆக்சிஜனை முகமூடி வழியே கொடுப்பார்கள், உள்ளேயே உதவியாளரும் இருப்பார். அவ்வசதி இங்கே இல்லை. இருந்தாலும் இம்மையத்தின் செவிலியர்கள் இந்தச் சிக்கலை நன்கு அறிந்திருந்தார்கள். சேம்பருக்குள் போவதற்குச் சற்று முன்பு கழிப்பறைக்கு அனுப்பினார்கள். செயற்கை இழை கலந்த டயப்பரை அனுமதிக்காமல் பருத்தித் துணியை மடித்துக் கொடுத்தார்கள். “தண்ணியைக் குறைக்காதீங்கம்மா, குடிக்கிற நேரத்தை மட்டும் மாத்திக்கோங்க” என்று சொல்லித் தந்தார்கள். ஒருமுறை அம்மா நடுவில் கைகாட்டியபோது முகஞ்சுளிக்காமல் அழுத்தத்தை இறக்கி வெளியே விட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே மையத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

காது அடைப்பைச் சமாளிக்க விழுங்குவது, தாடையை அசைப்பது, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவது ஆகியவற்றை முதல் நாளே பழக்கினார்கள். சர்க்கரை உள்ள அம்மாவுக்கு ஒவ்வோர் அமர்வுக்கு முன்பும் இரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்து, பழைய கீமோ மருந்துகளின் பெயர்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கைப்பேசி, தைலம், தலை எண்ணெய், செயற்கை இழைத் துணி எதுவும் உள்ளே போகக்கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இத்தகைய சேம்பர் தீப்பற்றி ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்ததை அறிந்தவர்கள் இந்தக் கெடுபிடியைக் குறைசொல்ல மாட்டார்கள். சிகிச்சை பாதி கடந்தபோது அம்மா வாசிப்புக் கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கத் தொடங்கினார்; பேருந்தின் எண் பலகைதான் மங்கிவிட்டது. இது தற்காலிகக் கிட்டப்பார்வை, தானாகவே திரும்பிவிடும், அதற்குள் புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள்.

குறைகளில் முதலாவது வரவேற்பறைத் துண்டுப்பிரசுரம். ஆட்டிசம், முடி உதிர்தல், இளமை திரும்புதல் என்று அடுக்கியிருந்தார்கள். ஆட்டிசத்துக்கு இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அன்று என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. உள்ளே அவ்வளவு பொறுப்பாக நடந்துகொள்ளும் மருத்துவர், வாசலில் இப்படியொரு தாளை ஏன் அனுமதிக்கிறார் என்பது விளங்கவில்லை. நேர ஒதுக்கீடும் சரியில்லை. வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டிய வயதானவருக்கு ஒரு நாள் காலை, மறுநாள் மாலை என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கட்டணத்தை ஓர் அமர்வுக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்லி, மருத்துவர் ஆலோசனைக்கும் பரிசோதனைகளுக்கும் தனிப் பில் போட்டார்கள். மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கி, அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டி ஒப்புதல் கேட்ட பிறகு முன்பணம் கட்டுவது நல்லது.

பலன் என்று பார்த்தால், இரத்தம் சிவப்பிலிருந்து வெளிர்ந்து, சிகிச்சையின் இறுதிக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நின்றது. இரவில் எழுவது குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. ஏற்கெனவே சுருங்கி இறுகிய பையின் கொள்ளளவு முழுதாகத் திரும்புமென்று மருத்துவரும் சொல்லவில்லை. இரத்தம் கட்டிகட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டவர்கள் இம்மையத்துக்கு நேரே வரலாகாது. கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டுக் கழுவி அடைப்பை எடுக்கும் வசதி இங்கில்லை, அதற்கு மருத்துவமனைக்கே போக வேண்டும்.