ரிவெண்டெல் அட்லாண்டிஸ்: கழுத்துவலிக்காரனின் வண்டி

ஐம்பது வயதில், கழுத்து வலியோடு, குனிந்து ஓட்டும் கார்பன் சைக்கிளை விற்றுவிட்டு இந்த அட்லாண்டிஸ் சைக்கிளை வாங்கினேன். ரிவெண்டெல், கலிஃபோர்னியாவின் வால்நட் கிரீக்கில் இருக்கும் சின்ன கம்பெனி. பிரிட்ஜ்ஸ்டோன் அமெரிக்காவில் சைக்கிள் வியாபாரத்தை மூடிய 1994-லேயே அங்கு வேலை பார்த்த கிராண்ட் பீட்டர்சன் தொடங்கியது.

ஃபிரேம் முழுக்க எஃகு. குழாய்கள் சேரும் இடத்தில் லக் எனும் உறையை மாட்டி, உருக்கிய உலோகத்தால் ஒட்டும் பிரேசிங் செய்திருக்கிறார்கள். அந்த லக்குகளின் வளைவைத் தடவிப் பார்ப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அப்பாவின் ஹெர்குலிஸிலும் லக்தான். என்ன, இவ்வளவு நகாசு கிடையாது.

பின்சக்கரத்தைப் பிடிக்கும் செயின்ஸ்டே வழக்கத்தைவிட நீளம். அதனால் வண்டி மேடுபள்ளத்தில் அவ்வளவாகத் துள்ளாது, மளிகைப் பையைக் குதிகால் இடிக்காது. ஹேண்டில்பார் சீட்டைவிட உயரம். நிமிர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். தடித்த டயரும் மட்கார்டும் தாராளமாக நுழையும்.

கனம்தான், மாடியேற்றும்போது தெரியும். விலையும் கனம், மனைவியிடம் ஃபிரேம் விலையை மட்டும் சொன்னேன். பந்தயம் ஓட்டுபவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். கழுத்து வலி? ஆறு மாதமாகத் தைலம் தேடவில்லை.