குடும்பத்தோடு காரில் சுற்றுபவர்களுக்கு எந்த ஹோட்டல் கார்டு?

அமெரிக்காவில் ஹோட்டல் கார்டு (ஒரு ஹோட்டல் குழுமத்தின் பெயரில் வங்கி தருகிற, இலவசமாகத் தங்கப் பாயிண்ட் சேர்க்கும் கிரெடிட் கார்டு) ஒன்றே ஒன்று வைத்துக்கொள்வதாக இருந்தால் எது என்று கேட்டால், இதில் ஊறிப்போனவர்கள் யோசிக்காமல் ஹயாட் என்பார்கள். நானும் மனைவியும் ஹயாட், மேரியட், ஹில்டன், ஐ.எச்.ஜி. (ஹாலிடே இன் குழுமம்) நான்கையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஆளுக்கொரு ஐ.எச்.ஜி. பிரீமியர் எடுத்தோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற, கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குகிற வீட்டுக்கு இதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். மாதாமாதம் பாக்கியை முழுசாகக் கட்ட முடியாதவர்களுக்கு இந்தக் கார்டு எதுவுமே வேண்டாம். சேர்ந்தவுடன் கிடைக்கும் போனஸ் பாயிண்ட் அடிக்கடி மாறும், ஒரு தடவையோடு முடிந்தும் போகும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் பேசுவது வருஷா வருஷம் கட்டணம் கட்டி வைத்துக்கொள்வதைப் பற்றி.

மேரியட் பவுண்ட்லெஸ்ஸுக்கு ஆண்டுக் கட்டணம் 95 டாலர், ஒவ்வொரு ஆண்டும் 35,000 பாயிண்ட் வரை போகிற ரூமுக்கு ஒரு ஃப்ரீ நைட், அதாவது ஒரு இரவு இலவசமாகத் தங்க ஒரு சர்டிபிகேட். ஹயாட் கார்டுக்கும் 95 டாலர், ஃப்ரீ நைட் முதல் நான்கு கேட்டகிரி (பாயிண்ட் விலைப்படி பிரித்த வகை) ஹோட்டல்களில் மட்டும். ஐ.எச்.ஜி. பிரீமியர் 99 டாலர், 40,000 பாயிண்ட் வரை. ஹில்டன் சர்பாஸ் 150 டாலர், ஆனால் அதில் ஃப்ரீ நைட் சும்மா வராது, அந்த ஆண்டில் 15,000 டாலர் அந்தக் கார்டில் தேய்த்திருக்க வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ரூம் தேடும்போதுதான். மேரியட்டிலும் ஐ.எச்.ஜி.யிலும் ஒரு ஹோட்டலுக்கு இத்தனை பாயிண்ட் என்று நிலையான விலை கிடையாது, ரூம் வாடகை ஏறினால் பாயிண்டும் ஏறும். பிப்ரவரியில் 30,000 கேட்கிற இடம் ஜூலை சனிக்கிழமைக்கு 45,000 கேட்கலாம். நாம் போவது எப்போது? ஜூலையில்தான், இல்லாவிட்டால் தேங்க்ஸ்கிவிங், ஸ்பிரிங் பிரேக். பள்ளிக்கூடம் லீவு விட்டால்தானே வண்டியை எடுக்க முடியும்! நயாகராவாக இருந்தாலும் சரி, பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதி கோயிலும் அப்படியே வாஷிங்டனுமாக இருந்தாலும் சரி, நாம் போகிற தேதியில்தான் ஊரே கிளம்பும். ஆகவே சர்டிபிகேட்டின் உச்சவரம்பில் முட்டிக்கொள்வது எப்போதாவது நடக்கிற விஷயம் இல்லை, நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வழக்கம்.

முட்டினால் என்ன செய்யலாம் என்பதில்தான் ஹயாட், மேரியட், ஐ.எச்.ஜி. மூன்றும் பிரிகின்றன. ஹயாட்டில் ஒன்றும் செய்ய முடியாது, ஐந்தாவது கேட்டகிரி ஹோட்டல் என்றால் அந்தச் சர்டிபிகேட் அங்கே செல்லாது, அவ்வளவுதான். மேரியட்டில் உங்கள் கணக்கிலிருந்து 15,000 பாயிண்ட் வரை சேர்த்துக்கொள்ளலாம், ஆக 50,000 வரை எட்டும். ஐ.எச்.ஜி.யில் 2022இலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், வரம்பே இல்லை. 48,000 கேட்டால் 8,000 போடுகிறோம், 60,000 கேட்டால் 20,000 போடுகிறோம். எல்லாச் சர்டிபிகேட்டுக்கும் ஆயுள் ஒரு வருஷம், அதற்குள் தங்கியும் முடித்திருக்க வேண்டும் என்பதால், பயன்படாமல் காலாவதியாகிற ஃப்ரீ நைட் என்பது ஆண்டுக் கட்டணத்தை நாமே தூக்கிப் போட்டதுதான். என் கணக்கெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. அப்பா அம்மா வந்திருக்கும்போது ஒரு ரூம் போதாது. ஒரே இரவுக்கு இரண்டு சர்டிபிகேட்டைப் போட்டால் பக்கத்துப் பக்கத்து ரூம் இரண்டு கிடைக்கும், செலவு 198 டாலர். கோடை வாரக் கடைசியில் சுற்றுலா ஊரில் ஒரு ரூமுக்கே வரியோடு அந்தத் தொகை ஆகிவிடுகிறது. (இரண்டும் தனித்தனி புக்கிங். பக்கத்து ரூமாக வேண்டும் என்று முன்பே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.)

அப்புறம் நான்காவது இரவு. பாயிண்ட் மட்டும் கொடுத்துத் தொடர்ந்து நான்கு இரவு தங்கினால் பிரீமியர் கார்டுக்காரருக்கு நான்காவது இரவுக்குப் பாயிண்ட் எடுக்க மாட்டார்கள். மேரியட்டிலும் ஹில்டனிலும் இதே சலுகை ஐந்தாவது இரவுக்குத்தான். ஆர்லாண்டோ மாதிரி ஊருக்கு நான்கு நாள் போவது நடக்கும், ஐந்து நாள் லீவு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சரி, ஸ்டேட்டஸ், அதாவது அடிக்கடி தங்குபவர்களுக்கு ஹோட்டல் குழுமம் தருகிற உறுப்பினர் அந்தஸ்து. ஐ.எச்.ஜி. கார்டோடு பிளாட்டினம் எலைட் வரும், பெயர்தான் பெரிது. வரவேற்பு என்று கொஞ்சம் பாயிண்ட் அல்லது ஒரு ஸ்நாக், காலியாக இருந்தால் நல்ல ரூம், முடிந்தால் தாமதமாகக் காலி செய்யலாம். காலை உணவு கிடையாது. ஆனால் நாங்கள் பெரும்பாலும் தங்குவது ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ்ஸில், அங்கே எந்த ஸ்டேட்டஸும் இல்லாதவர்களுக்கும் காலை உணவு இலவசம். சைவக்காரர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது, பிள்ளைகளுக்கு அந்தப் பான்கேக் மெஷின் இருந்தால் போதும்.

ஸ்டேட்டஸுக்காகவே கார்டு எடுக்கிறீர்கள் என்றால் ஹில்டன் சர்பாஸ் பக்கம் போங்கள். அதோடு வரும் கோல்டுக்கு அமெரிக்காவுக்கு வெளியே இருவருக்குக் காலை உணவு உண்டு, உள்ளே என்றால் சாப்பாட்டுக்கு ஒரு தொகை கழித்துத் தருகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹில்டனில் செலவழிக்கும் 50 டாலரும் திரும்ப வரும். வெளிநாடு அடிக்கடி போகிறவர்களுக்கு நல்ல கார்டு, ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை ஞாபகம் வைத்துச் செலவழிக்கிற பொறுமை வேண்டும். ஹில்டனிலேயே அதற்கும் மேலே 550 டாலர் கட்டணத்தில் ஆஸ்பயர் கார்டு இருக்கிறது, டைமண்ட் ஸ்டேட்டஸோடு. அதை நான் வைத்திருந்ததில்லை என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆபீஸ் செலவில் வாரம் மூன்று இரவு ஹோட்டலில் கிடக்கிற கன்சல்டன்ட் என்றால் கதையே வேறு. மேரியட் பவுண்ட்லெஸ் ஆண்டுக்கு 15 இரவு தங்கியதாகக் கணக்கில் ஏற்றிவிடும், மேரியட்டின் பிளாட்டினத்துக்கு வேண்டிய 50 இரவில் 35தான் பாக்கி, அது நிஜமாகவே காலை உணவும் லவுஞ்சும் தருகிற ஸ்டேட்டஸ்.

ஐ.எச்.ஜி.யில் குறை இல்லாமல் இல்லை. லாஸ் வேகஸ், ஹவாய் போன்ற இடங்களில் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று வாங்குகிறார்கள், ஹயாட்டும் ஹில்டனும் இலவச இரவுகளுக்கு அதைத் தள்ளுபடி செய்துவிடும், ஐ.எச்.ஜி.யிலும் மேரியட்டிலும் அதைக் கட்ட வேண்டியிருக்கும். பாயிண்டுக்கும் பெரிய மதிப்பு இல்லை, சுமாராக அரை சென்ட். அதனால் மளிகை, கரண்ட் பில்லையெல்லாம் இந்தக் கார்டில் போடாதீர்கள், 2 சதவீதம் பணமாகவே திருப்பித் தருகிற கார்டு அதற்கு மேல்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று. ஹயாட், பவுண்ட்லெஸ், பிரீமியர் மூன்றும் சேஸ் வங்கிக் கார்டு. கடந்த 24 மாதத்தில் எந்த வங்கியிலாவது ஐந்து கார்டு எடுத்திருந்தால் சேஸ் பொதுவாகக் கொடுக்காது. கடையில் பில் போடும்போது 15 சதவீதம் தள்ளுபடி என்று நீட்டுகிற கார்டுகளும் பல நேரம் அந்த ஐந்தில் சேர்ந்துவிடும். எடுத்த பிறகு, புக் செய்ததை ரத்து செய்தால் சர்டிபிகேட் திரும்ப வரும், கெடு மட்டும் பழைய தேதிதான், ஆகவே கடைசி மாதம் வரை இழுக்காமல் ஆகஸ்டுக்குள் தீர்த்துவிடுவது எங்கள் வழக்கம்.