பூனை மணலும் பித்தளை நட்டும்: ப்ளெக்சிபல் ஹோஸ், சில வருட அனுபவம்

வாஷ்பேசினுக்கும் டாய்லெட் தொட்டிக்கும் தண்ணீர் கொண்டுபோகும் ப்ளெக்சிபல் ஹோஸ் இருக்கிறதே, வெளியே கம்பிப் பின்னல், இரண்டு முனையிலும் நட்டு, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வழக்கமாக எல்லோரும் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். மலேசியாவில், பினாங்கில் இந்தச் சாமானோடு சில வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு. உடைந்ததைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் எங்கே உடைந்திருக்கிறது, எப்படி உடைந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதிய ஹோஸ் பத்து, இருபது வெள்ளி (ரிங்கிட்) தான். கீழ்வீட்டுக் கூரைக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் செலவு அப்படியில்லை.

எங்கள் வீடு கெலுகோர் பக்கம், பழைய அபார்ட்மெண்ட். ஜெலுத்தோங்கில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஹோஸ்களை அடுப்படி சிங்க், வாஷ்பேசின், டாய்லெட் தொட்டி எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் மாட்டிக் கொடுத்தார். 2024 ஜனவரியில் சுங்கை டுவா பக்கம் பெரிய வால்வு மாற்றும் வேலைக்காகப் பினாங்கில் நாள்கணக்கில் தண்ணீரை நிறுத்தினார்களே, அது முடிந்து, பைப்பெல்லாம் காற்றோடு தடதடத்துத் தண்ணீர் திரும்ப வந்து, சில வாரம் கழித்து டாய்லெட் ஹோஸின் நட்டு விரிசல் விட்டது. ஒழுகி ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரையில் வட்டம் போட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். பிளம்பர் வந்து பார்த்து, "மலிவு சாமான் அண்ணே, எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடுங்க" என்றார். கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, "பிரஷர்லா, தண்ணி வந்த வேகம்" என்றார். இரண்டுமே கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதே பெட்டி ஹோஸ், அதே பிரஷர், அதே ஆள் முறுக்கியது, அடுப்படியில் ஒன்றும் ஆகவில்லையே? எனக்கு அங்கேதான் இடித்தது.

நட்டைக் கழற்றித் துடைத்துவிட்டு, மகளின் பள்ளிக்கூட பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விரிசல் ஒன்றுதான். வாயின் விளிம்பில் தொடங்கி நீளவாக்கில் நேராக உள்ளே ஓடியிருந்தது, குரோம் பூச்சின் மேல் தலைமுடி ஒட்டியிருப்பதுபோல. பிளந்து பார்த்தால் உள்பக்கம் பளபளப்பே இல்லை, கறுத்துப்போயிருந்தது, ஓரங்களில் நீலப்பச்சையாகப் பொருக்கு. உலோகம் இழுபட்டதற்கோ நெளிந்ததற்கோ அடையாளமே கிடையாது. முறுக்கிய வேகத்தில் அன்றைக்கே உடைந்திருந்தால் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும், மரை இழைகளும் கொஞ்சம் நசுங்கியிருக்கும். இது மெல்ல மெல்ல, பல மாதமாக உள்ளே போன விரிசல்.

படத்தைப் பெர்த்தில் இருக்கும் என் மச்சானுக்கு அனுப்பினேன். அவர் அங்கே லைசென்ஸ் வைத்து ரைபிள் சுடுபவர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துபவர். (நம் ஊரில் 1960 ஆயுதச் சட்டம் இருக்கும்போது அந்தப் பொழுதுபோக்கை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, அது சரியும்கூட.) அவருக்குப் பித்தளை உடைவது பழகிப்போன விஷயம். கூடு கழுத்தில், அதாவது குண்டைக் கவ்வும் வாய்ப்பக்கத்தில், நீளவாக்கில் பிளந்தால், சுடும்போது விரிந்தும், பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில் சுருங்கியும் பித்தளை இறுகிப்போய்விட்டது என்று அர்த்தமாம், கழுத்துக்குச் சூடு காட்டி இளக்காமல் விட்டிருப்பார்கள். புது ராணுவத் தோட்டாவின் கழுத்தில் தெரியும் நீலமும் பழுப்புமான சாயல் அந்தச் சூட்டின் தடம்தான். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுற்றிவர பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் கதை வேறு. அச்சில் தோள்பட்டையை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவை சுடும்போதும் கூடு அந்த இடத்தில் நீண்டு மெலிகிறது, அடுத்த தடவை அடி தனியாகப் பிய்ந்து வரலாம். நுனியை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படுமாம். அப்படித் தட்டுப்பட்ட கூட்டை அவர் திரும்பத் தொடுவதே இல்லை. இளக்கினாலும் சரிவராது, மெலிந்தது மெலிந்ததுதான்.

என் நட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அங்க அம்மோனியா எங்கேர்ந்து வருது?"

இது பழைய வியாதி. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குத் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், மழை விட்டு எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாவெல்லாம் குண்டைக் கவ்வும் கழுத்தில் விரிசல் விட்டுக் கிடந்திருக்கிறது. 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் காரணத்தைச் சொன்னார்கள்: குதிரை மூத்திரத்தின் அம்மோனியா, அதோடு பித்தளையை இழுத்து வடிவமைத்தபோது உள்ளேயே தங்கிப்போன இறுக்கம். தோட்டாப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். துத்தநாகம் 15 சதவீதத்தைத் தாண்டினாலே இந்த ஆபத்து உண்டு, நம் பைப் நட்டுகளில் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

எங்கள் வீட்டில் குதிரை இல்லை. மகளின் பூனை இருக்கிறது. அது மூத்திரம் போகும் மணல் தட்டு டாய்லெட் தொட்டிக்குக் கீழே, அந்த நட்டுக்கு நேர் அடியில், ஜன்னல் இல்லாத அறையில். முறுக்கின இறுக்கம் மேலே, மூத்திர வாடை கீழே, பினாங்கு ஈரப்பதம் சுற்றிலும்.

சந்தேகம் தீர ஒரு வேலை செய்தேன். அதே ரக ஹோஸிலிருந்து இரண்டு நட்டை அறுத்து எடுத்து, ஒன்றைப் பழைய குழாய்த் துண்டில் ஸ்பேனர் போட்டுப் பிளம்பர் முறுக்குவதுபோல் இறுக்கினேன், இன்னொன்றைச் சும்மா விட்டேன். இரண்டையும் பூனை பயன்படுத்திய மணலோடு மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துப் பால்கனியில் தள்ளினேன். (மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.) சில வாரத்தில் இறுக்கிய நட்டில் அதே நீளவாட்டு விரிசல். சும்மா கிடந்தது நிறம்தான் மாறியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் இதையே முறைப்படி அம்மோனியா ஆவியில் வைத்துச் சோதிக்க ஐஎஸ்ஓ 6957 என்று தனித் தரமே இருக்கிறது, நான் செய்தது அதன் ஏழை வீட்டுப் பதிப்பு. தவுக்கே சொன்ன பிரஷர் பொய்யில்லை, ஏற்கெனவே பாதி பிளந்திருந்ததைக் கடைசியாகத் தள்ளிவிட்டது அதுவாக இருக்கலாம்.

பூனைத் தட்டு பால்கனிக்குப் போனது. டாய்லெட்டில் அதே ரக மலிவு ஹோஸ் ஒன்றையே திரும்ப மாட்டினேன், வேண்டுமென்றேதான். கையால் இறுக்கி, அதற்குமேல் ஸ்பேனரில் கால் சுற்று. ஒழுகலை நிறுத்துவது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான், நட்டைக் கழுத்தை நெரிப்பதில் ஒரு லாபமும் இல்லை. இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. கண்ணாடி துடைக்கும் திரவம் சிலவற்றில் அம்மோனியா உண்டு, அதைப் பித்தளை மேல் அடிப்பதையும் நிறுத்திவிட்டோம்.

இதைப் படித்துவிட்டு எல்லா ஒழுகலுக்கும் பூனையைப் பிடிக்காதீர்கள். வாஷ்பேசின் ஆங்கிள் வால்வு எங்களுக்கு வேறு மாதிரி போனது. விரிசலே இல்லை, மரையின் ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்தது, கழற்றும்போது மரை பிஸ்கட்டாக உதிர்ந்து, உதிர்ந்த இடம் மஞ்சளாக இல்லாமல் செம்பு நிறத்தில் இருந்தது. தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்துக்கொண்டுபோய்ச் செம்பைக் கடற்பஞ்சாக விட்டுவிட்டது. இதற்கு இறுக்கமும் காரணமில்லை, அம்மோனியாவும் இல்லை, பித்தளைக் கலவைதான் காரணம். வாங்கும்போது வால்வின் உடம்பில் 'சிஆர்' அல்லது 'டிஇசட்ஆர்' என்று பொறித்திருக்கிறதா பாருங்கள், துத்தநாகம் கரையாத வகை அது. ஸ்பான் (மலேசியாவின் தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கடையில் கேளுங்கள், தவுக்கே முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வாஷ்பேசினில் இப்போது இரண்டு முனையிலும் ஸ்டெயின்லெஸ் நட்டு வைத்த ஹோஸ் போட்டிருக்கிறேன், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்மோனியாவுக்கு அது அசையாது. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் குளோரைடு எதிரி, டாய்லெட் கழுவும் ஆசிட்டும் குளோராக்ஸ் ப்ளீச்சும் தெறித்துக் காயும் இடத்தில் பின்னல் கம்பி ஒவ்வொன்றாக அறும். அடிக்கடி ஒரு டிஷ்யூ பேப்பரைப் பின்னல் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், எங்கே சிக்கிக் கிழிகிறதோ அங்கே கம்பி அறுந்திருக்கிறது, வளைவில்தான் முதலில் சிக்கும். வாஷ்பேசின் ஹோஸில் இன்னும் சிக்கவில்லை. டாய்லெட்டில் மாட்டிய மலிவு ஹோஸில் போன மாதம் ஓர் இடத்தில் சிக்கியது, இந்த வாரம் மாற்றுகிறேன். நட்டு மட்டும் புதிது மாதிரி இருக்கிறது.